எதில் பாதி? மீதிக் கணக்குகள் குறித்து ஒரு சொற்பொழிவு

பள்ளிக் கணக்குகளில் ஒரு வகை உண்டு. மொத்தத்தில் இவ்வளவு பங்கு போனது, மீதியில் இவ்வளவு பங்கு போனது, கடைசியில் இத்தனை மிஞ்சியது, முதலில் இருந்தது எவ்வளவு என்று கேட்கும் கணக்கு. நடுநிலைப் பள்ளியிலும் வரும். அரசுப் பணித் தேர்வுகளின் திறனறிப் பகுதியிலும் வரும். இதில் தவறுகிறவரைப் பார்த்து, “பின்னம் தெரியவில்லை” என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். இன்று நான் மறுக்க விரும்புவது அந்தத் தீர்ப்பைத்தான். பின்னத்தைப் பிசகில்லாமல் கூட்டவும் பெருக்கவும் தெரிந்தவர்களும் இங்கே இடறுகிறார்கள். இடறுகிற இடம் வேறு. ஒரு பின்னத்தைக் கண்டவுடன் அது எதனுடைய பின்னம் என்று கேட்கும் பழக்கம் இல்லாததே காரணம். அந்தப் பழக்கம் வர வேண்டுமானால், போனதைக் கூட்டிக்கொண்டு போவதை விட்டுவிட்டு, மிஞ்சியதைப் பின்தொடர்ந்து போகக் கற்றுக்கொடுக்க வேண்டும். நம் பழைய கணித நூல்களும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் கிடக்கும் இந்த ஸ்ரீரங்கத்தின் நிலமும் நீரும் இதற்குச் சான்று சொல்லும் என்பதே என் வாதம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. திருச்சி காந்தி மார்க்கெட் வாழை மண்டியில் ஒரு லாரித் தார் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதியை ஒரு வியாபாரி எடுக்கிறார். மீதியில் மூன்றில் ஒரு பங்கை இன்னொருவர் எடுக்கிறார். 50 தார் மிஞ்சுகிறது. இறங்கியது எத்தனை? அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் ஆறில் ஐந்து. ஆகவே மிஞ்சியது ஆறில் ஒன்று. அது 50 என்றால் மொத்தம் 300 என்று ஒரு மாணவர் எழுதுகிறார். அவர் எழுதியதில் பின்னக் கணக்குப் பிழை ஒன்றுகூட இல்லை. பொதுமடங்கு சரி, கூட்டல் சரி, கழித்தல் சரி. விடையும் உடைந்த எண்ணாக வரவில்லை. பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கிறது. ஆனால் 300 தாரை வைத்துக் கணக்கை நடத்திப் பாருங்கள். பாதி போக 150. அதில் மூன்றில் ஒன்று 50 போனால் மிஞ்சுவது 100. கேள்வி சொன்னதோ 50. சரியான விடை 150: பாதி போக 75, அதில் மூன்றில் ஒன்றான 25 போக 50. மாணவர் கூட்டிய இரண்டு பின்னங்களும் இரண்டு வெவ்வேறு மொத்தங்களைச் சேர்ந்தவை. அரை என்பது லாரியில் வந்ததில் அரை. மூன்றில் ஒன்று என்பது முதல் வியாபாரி விட்டுவைத்ததில் மூன்றில் ஒன்று. ஒரு முழத்தையும் ஒரு கெஜத்தையும் சேர்த்து “இரண்டு” என்று சொல்வதைப் போன்றது அந்தக் கூட்டல். எண்கள் சரியாக இருக்கும். அளவுகோல்தான் நடுவில் மாறியிருக்கும்.

இனி, மிஞ்சியதைப் பின்தொடர்வது என்றால் என்ன என்று பார்ப்போம். பாதி போனால் பாதி நிற்கிறது. நிற்பதில் மூன்றில் ஒன்று போனால் நிற்பதில் மூன்றில் இரண்டு நிற்கிறது. பாதியில் மூன்றில் இரண்டு என்பது மொத்தத்தில் மூன்றில் ஒன்று. அது 50 என்றால் மொத்தம் 150. போன பங்குகளைக் கூட்டுவதற்குப் பதிலாக நின்ற பங்குகளைப் பெருக்கினோம். வேறு எதுவும் செய்யவில்லை. பெருக்கல் ஏன் இங்கே சரியாக வருகிறது? ஒவ்வொரு படியிலும் நிற்கிற பங்கு, அதற்கு முந்தைய படியில் நின்றதைத் தனக்கு மொத்தமாகக் கொள்கிறது. பங்கின் பங்கு என்பதே பெருக்கல். கூட்டலுக்கோ எல்லாப் பின்னங்களுக்கும் ஒரே மொத்தம் வேண்டும். இந்த ஒரு வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால் நான்கு படியானாலும் ஏழு படியானாலும் கணக்கு ஒன்றுதான்.

இந்த வேறுபாட்டை நம் முன்னோர் தெளிவாகவே கண்டிருந்தார்கள். 9-ஆம் நூற்றாண்டில், ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த சமண கணிதர் மகாவீரர் ‘கணித சார சங்கிரகம்’ எழுதினார். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரங்காசாரியார் அதைச் சுவடிகளிலிருந்து பதிப்பித்து, 1912-இல் ஆங்கில மொழிபெயர்ப்போடு சென்னையில் வெளியிட்டார். மொத்தத்தின் பங்கைப் பற்றிய கணக்குகளை ஒரு வகையாகவும், எஞ்சியதின் பங்கைப் பற்றிய கணக்குகளை ‘சேஷம்’ என்ற தனி வகையாகவும் மகாவீரர் பிரித்து வைத்தார். இரண்டையும் பின்னம் என்ற ஒரே தலைப்பில் கொட்டி வைக்கவில்லை. ஆசிரியராக அவர் எவ்வளவு நுட்பமானவர் என்பதற்கு அவருடைய முத்துமாலைக் கணக்கே போதும். காதலர் ஊடலில் முத்துமாலை அறுகிறது. மூன்றில் ஒரு பங்கு முத்து பணிப்பெண்ணிடம் போகிறது. ஆறில் ஒரு பங்கு படுக்கையில் விழுகிறது. பிறகு மீதியில் பாதி, அதன் மீதியில் பாதி என்று ஆறு முறை பாதி பாதியாகச் சிதறுகிறது. கடைசியில் 1161 முத்துகள் எஞ்சுகின்றன. மாலையில் இருந்தவை எத்தனை?

இந்தக் கணக்கின் நயம் அதன் முதல் இரண்டு பின்னங்களில் இருக்கிறது. மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று ஆகிய இரண்டும் முழு மாலையின் பங்குகள். ஆகவே அவற்றைக் கூட்டலாம், கூட்டினால் அரை, நிற்பது அரை. அதற்குப் பின் வரும் ஆறு பாதிகளும் மீதியின் பங்குகள். அவற்றைக் கூட்டக் கூடாது. நின்ற அரையை ஆறு முறை அரையால் பெருக்க வேண்டும். மொத்தத்தில் 128-இல் ஒரு பங்கு எஞ்சுகிறது. 1161-ஐ 128-ஆல் பெருக்கினால் 1,48,608 முத்துகள். ஆறில் ஒன்றையும் மீதியின் பங்காக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? மூன்றில் இரண்டில் ஆறில் ஐந்து, அதாவது ஒன்பதில் ஐந்து நிற்கும். அதை ஆறு முறை பாதியாக்கினால் 576-இல் ஐந்து. 1161 அதற்குச் சமமானால் மொத்தம் 1,33,747-ம் அதற்கு மேல் ஐந்தில் ஒரு முத்தும் என்று வரும். முத்தில் ஐந்தில் ஒன்று என்று ஏது? கூட்டும் பின்னத்தையும் பெருக்கும் பின்னத்தையும் ஒரே கணக்கில் வைத்து, பிரித்தறியத் தெரிகிறதா என்று மாணவனைச் சோதித்திருக்கிறார் மகாவீரர். தவறாகப் படித்தவனை விடையே காட்டிக்கொடுத்துவிடும்படி எண்ணைத் தேர்ந்திருக்கிறார்.

1150-இல் பாஸ்கராசாரியார் ‘லீலாவதி’யில் தந்த கணக்கோ முழுக்க மீதிக் கணக்கு. ஒரு தலயாத்திரைக்காரர் கையிலிருந்த பணத்தில் பாதியைப் பிரயாகையில் கொடுக்கிறார். மீதியில் ஒன்பதில் இரண்டு பங்கைக் காசியில், அதன் மீதியில் கால் பங்கை வழிச் சுங்கத்துக்கு, அதன் மீதியில் பத்தில் ஆறு பங்கைக் கயையில். 63 நிஷ்க நாணயங்களோடு வீடு திரும்புகிறார். பாஸ்கரர் காட்டும் வழி ‘இஷ்ட கர்மம்’. ஏதேனும் ஓர் எண்ணை மொத்தமாகக் கற்பனை செய்து, கணக்கை அதன் மேல் நடத்தி, வந்த மீதியை உண்மையான மீதியோடு ஒப்பிடுவது. மொத்தம் 1 என்று கொண்டால் அரை நிற்கிறது, அதில் ஒன்பதில் ஏழு, அதில் முக்கால், அதில் பத்தில் நான்கு. பெருக்கினால் 60-இல் ஏழு. அது 63 என்றால் மொத்தம் 540. நடத்திப் பாருங்கள்: 540, 270, 210, 157½, 63. இன்னொரு வழி பின்னோக்கிப் போவது. கடைசியில் நின்ற 63 என்பது பத்தில் நான்கு பங்கு. ஆகவே கயைக்கு முன் 157½. அது முக்கால் பங்கு, ஆகவே சுங்கத்துக்கு முன் 210. இப்படியே 540 வரை ஏறலாம். பெருக்கியதை வகுத்து, கழித்ததைக் கூட்டிக் கடைசியிலிருந்து முதலுக்குத் திரும்பும் இந்த எதிர்முறையை 499-இலேயே ஆரியபட்டர் ஒரு விதியாக எழுதிவைத்தார். பெருக்கல், கற்பனை எண், எதிர்முறை என்று மூன்று வழிகள் சொன்னேன். மூன்றும் கையில் எடுப்பது மிஞ்சியதையே என்பதைக் கவனியுங்கள்.

தமிழ்த் திண்ணைப் பள்ளியின் எண்சுவடி இந்தப் பெருக்கலைப் பிள்ளைகளின் நாக்கிலேயே ஏற்றிவைத்திருந்தது. பாதியில் பாதி கால், காலில் பாதி அரைக்கால், அதில் பாதி மாகாணி என்று பின்னத்தின் பின்னத்தை வாய்பாடாகவே ஒப்பித்தார்கள். இருபதில் ஒன்று மா. அதில் கால் காணி, அதாவது 80-இல் ஒன்று. அதில் கால் முந்திரி, அதாவது 320-இல் ஒன்று. ஒவ்வொரு சிறு அளவும் தனக்கு மேலுள்ள அளவின் பங்காகவே பிறக்கிறது. இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் உண்டு: முந்திரியைக் கொண்டு மூன்றில் ஒன்றைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. இருந்தாலும் பங்கின் பங்கு என்ற எண்ணம் அந்தப் பிள்ளைகளுக்குப் புதிதாகத் தோன்றியிருக்க வாய்ப்பில்லை. இன்று நாம் தொகுதி, பகுதி என்று எழுத்தில் தொடங்குகிறோம். மேலே ஓர் எண், கீழே ஓர் எண் என்று பின்னம் காகிதத்தில் தனியாக நிற்கிறது. எதனுடைய பங்கு என்ற கேள்வி அங்கேதான் தொலைந்துபோகிறது.

மகாவீரரின் 128-ஐ இந்த ஊரிலேயே ஒரு கணக்காக ஆக்கலாம். ஸ்ரீரங்கம் கோயிலுக்கு ஏழு திருச்சுற்றுகள். ஒருவர் கூடையில் தாமரை கொண்டுவருகிறார். ஒவ்வொரு சுற்றிலும் கையிலிருப்பதில் பாதியை வைத்துவிட்டு உள்ளே போகிறார். ஏழாவது சுற்றையும் கடந்தபோது ஒரு மலர் மிஞ்சுகிறது. கொண்டுவந்தது 128. இத்தாலியின் பீசா நகரத்து லியோனார்டோ, பிபொனாச்சி என்று நாம் அறிந்தவர், 1202-இல் எழுதிய ‘லிபர் அபாச்சி’யிலும் ஏழு வாயில்தான். தோட்டத்திலிருந்து ஆப்பிளோடு வெளியே வருபவன் ஒவ்வொரு வாயில் காவலனுக்கும் கையிலிருப்பதில் பாதியும் அதற்கு மேல் ஒன்றும் தருகிறான். முடிவில் ஒன்று மிஞ்சுகிறது. பாதிக்கு மேல் தரும் அந்த ஒற்றை ஆப்பிள் கணக்கின் தன்மையையே மாற்றிவிடுகிறது. இனி நின்ற பங்குகளை மட்டும் பெருக்கினால் போதாது. எதிர்முறையில் ஏறினால் 1, 4, 10, 22, 46, 94, 190, 382 என்று வருகிறது, விடை 382. ஆனால் இந்த வரிசையில் ஓர் ஒழுங்கு ஒளிந்திருக்கிறது. ஒவ்வொன்றோடும் 2 சேர்த்துப் பாருங்கள்: 3, 6, 12, 24, 48, 96, 192, 384. ஒவ்வொன்றும் முன்னதைப் போல் இரு மடங்கு. அதாவது, கையிருப்பை இரண்டு கூட்டி எண்ணினால், ‘பாதியும் ஒன்றும்’ என்பது வெறும் பாதியாகிவிடுகிறது. 3-ஐ 128-ஆல் பெருக்கி இரண்டைக் கழித்தால் வேலை முடிந்தது.

இது ஒற்றைக் கணக்குக்கு மட்டும் உதவுகிற தந்திரமோ என்று தோன்றலாம். 1926-இல் அமெரிக்க எழுத்தாளர் பென் ஏம்ஸ் வில்லியம்ஸ் ஒரு சிறுகதையில் வைத்துப் புகழ்பெறச் செய்த தேங்காய்க் கணக்கைப் பாருங்கள். ஐந்து பேர் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவராக இரவில் எழுந்து, குரங்குக்கு ஒரு தேங்காய் கொடுத்துவிட்டு மீதியில் ஐந்தில் ஒரு பங்கை ஒளித்துவைக்கிறார்கள். காலையில் மிஞ்சியது ஐந்து பேருக்கும் சமமாகப் பிரிகிறது. குவியலில் குறைந்தது எத்தனை இருந்திருக்க வேண்டும்? இங்கே 4 கூட்டி எண்ணினால் ஒவ்வொரு முறையும் சரியாக ஐந்தில் நான்கு நிற்கும். ஐந்து முறை தடையில்லாமல் வகுபட 3125 வேண்டும். நான்கைக் கழித்தால் 3121. காலையில் நிற்பது 1020, ஆளுக்கு 204. மீதியைப் பின்தொடர்கிற பார்வை, எண்ணைச் சற்றே நகர்த்தி எண்ணும் இந்த வழிக்கும், அதன் மூலம் உயர்கணிதத்துக்கும் கொண்டுசேர்க்கிறது. போனதைக் கூட்டுகிற பார்வையில் இந்த ஒழுங்கு கண்ணில் படாது.

நூலை மூடிவிட்டு ஆற்றைப் பார்ப்போம். மேட்டூரிலிருந்து வரும் காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவே ஸ்ரீரங்கம் தீவு. தீவின் கீழ்க்கோடியில் கல்லணை; அங்கே காவிரி, வெண்ணாறு என்று நீர் மீண்டும் பிரிகிறது; 1934-இல் முடிந்த மேட்டூர்த் திட்டத்தின் பகுதியான கல்லணைக் கால்வாயும் அங்கிருந்தே புறப்படுகிறது. அப்படியானால் தஞ்சைக் கழனிக்குப் போகும் நீர் எதனுடைய பங்கு? முக்கொம்பில் கொள்ளிடம் எடுத்துக்கொண்டது போக நின்றதின் பங்கு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைக்கு வந்த இடர் இதுதான். கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. கடலுக்கு அது போகும் வழியும் நேரானது. ஆண்டுக்கு ஆண்டு அது கூடுதல் பங்கை இழுத்துக்கொண்டது. கல்லணையில் பகிர்வு எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும், பகிர்வதற்கு வந்து சேர்ந்த மொத்தமே சுருங்கியது. ஆகவே பொறியாளர் ஆர்தர் காட்டன் கல்லணையோடு நிற்காமல் அதற்கு மேலே போனார். 1836-இல் தொடங்கி முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை எழுந்தது. அப்படிச் செய்ததால் கொள்ளிடத்தை நம்பியிருந்த கீழ்ப்பகுதிகளுக்கு மிச்சம் குறையும் அல்லவா? அதற்காகவே அணைக்கரையில் கீழணையும் கட்டப்பட்டது. மேலே ஒரு பங்கை மாற்றினால் கீழே உள்ள எல்லோருடைய மொத்தமும் மாறும் என்பதைச் சுண்ணாம்பும் கல்லும் கொண்டு எழுதிய பாடம் அது. பின்னங்களை மட்டும் கூட்டுகிறவர் கல்லணையில் நின்று பழுது தேடியிருப்பார். மீதியைப் பின்தொடர்ந்தவர் முக்கொம்புக்குப் போனார்.

மாநிலங்களுக்கு இடையிலான காவிரி வழக்கையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். ஆற்றின் இயல்பில் மேலே இருப்பவரே முதல் காவலர். கீழே இருப்பவருக்குக் கிடைப்பது மீதி. தீர்ப்புகள் செய்ய முயல்வது, கீழே இருப்பவரின் உரிமையை மீதியின் பங்காக விட்டுவிடாமல் மொத்தத்தின் பங்காக நிறுவுவது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் மொத்த நீரை 740 டி.எம்.சி. (ஆயிரம் மில்லியன் கன அடி) என்று கொண்டு, தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகத்துக்கு 284.75, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பிரித்தது. சூழலுக்கும் கடலில் கலப்பதற்கும் 14 விடப்பட்டது. கூட்டினால் 740 வருகிறது. எல்லாம் ஒரே மொத்தத்தின் பங்குகள் என்பதால் இங்கே கூட்டல் சரி. மழை பொய்த்த ஆண்டில் அந்த மொத்தமே இல்லாமற்போகிறது. அப்போது குறைவை எந்த மொத்தத்தை வைத்துப் பகிர்வது என்ற கேள்வி மீண்டும் எழுகிறது. செய்தித்தாளில் வரும் எண்களை விளங்கிக்கொள்ள டி.எம்.சி. என்றால் என்ன என்பது மட்டும் தெரிந்தால் போதாது. ஒவ்வோர் எண்ணும் எதனுடைய பங்கு என்று தெரிய வேண்டும்.

நிலத்திலும் இதே கேள்விதான். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள், கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களைச் சொல்லும்போது ஒரு முறையைப் பின்பற்றுகின்றன. முதலில் அளந்த மொத்த நிலம். அதிலிருந்து ஊர் நத்தம், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சேரிகள், சுடுகாடு ஆகியவற்றை நீக்கல். அது போக எஞ்சிய நிலம். அந்த எஞ்சிய நிலத்துக்கு உரிய நெல். எதை நீக்கிவிட்டு எதன் மேல் இறை என்பது ஐயத்துக்கு இடமின்றிக் கல்லில் நிற்கிறது. நம் காலத்துக்கு வந்தால், 1956-இல் வந்த குத்தகைச் சட்டம் நஞ்சைக்கு நியாய வாரமாக மொத்த விளைச்சலில் 40 விழுக்காட்டை நிறுத்தியது. பிற்பாடு அது 25 ஆகக் குறைந்தது. விழுக்காட்டைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள். அதற்கு முன்னால் நிற்கும் ‘மொத்த’ என்பதை யாரும் பேசுவதில்லை. 40 மூட்டை விளைந்து, அதில் 10 மூட்டை சாகுபடிச் செலவுக்கே சரியாகிறது என்று வையுங்கள். மொத்தத்தில் கால் என்றால் நில உடைமையாளருக்கு 10 மூட்டை. செலவு போக மீதியில் கால் என்றால் 7½. பின்னம் ஒன்றுதான், சாகுபடிதாரர் வீட்டுக்குப் போவது இரண்டரை மூட்டை கூடுகிறது, அல்லது குறைகிறது.

சொத்துப் பிரிவினையில் இது இன்னும் கூர்மை பெறுகிறது. இஸ்லாமிய வாரிசுரிமையில் வரிசை திட்டவட்டமானது: முதலில் அடக்கச் செலவும் கடனும், அது போக எஞ்சியதில் அதிக அளவாக மூன்றில் ஒன்றுவரை மரண சாசனம், அதுவும் போக எஞ்சியதில் வாரிசுகளின் பங்கு. கடன் தீர்ந்த பின் 7,20,000 ரூபாய் இருக்கிறது, மூன்றில் ஒன்றுக்குச் சாசனம் இருக்கிறது, மனைவியும் ஒரு மகனும் ஒரு மகளும் இருக்கிறார்கள் என்று கொள்வோம். சாசனத்துக்கு 2,40,000, எஞ்சியது 4,80,000. மனைவிக்கு அதில் எட்டில் ஒன்று, 60,000. எஞ்சிய 4,20,000 மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு: 2,80,000, 1,40,000. எட்டில் ஒன்றை 7,20,000-இல் கணக்கிட்டுவிட்டால் 30,000 ரூபாய் இடம் மாறிவிடும். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய இயற்கணித நூலின் பெரும் பகுதி இத்தகைய சாசனக் கணக்குகளே. இயற்கணிதம் என்ற துறை பிறந்து நடை பயின்ற இடங்களில் மீதிக் கணக்கும் ஒன்று.

இனி எதிர்வாதங்களைப் பார்ப்போம். ‘எக்ஸ்’ வைத்துச் சமன்பாடு எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டால் போதாதா என்பது முதல் எதிர்வாதம். போதாது என்பதற்கு வாழைத்தார்க் கணக்கே சாட்சி. தவறாகப் படித்தவர், எக்ஸிலிருந்து எக்ஸில் பாதியையும் எக்ஸில் மூன்றில் ஒன்றையும் கழித்து 50-க்குச் சமம் என்று எழுதி, அதைக் குற்றமில்லாமல் தீர்த்து, அதே 300-ஐ அடைவார். மூன்றில் ஒன்றை எக்ஸோடு சேர்ப்பதா, எக்ஸின் பாதியோடு சேர்ப்பதா என்று சமன்பாடு சொல்லித் தராது. எழுதுகிறவர் அதை முன்பே முடிவுசெய்திருக்க வேண்டும். இயற்கணிதம் வலிய கருவி என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது கேள்வியைப் படித்து முடித்த பிறகு கையிலெடுக்கிற கருவி.

பின்னோக்கி ஏறும் முறை வெறும் குறுக்குவழி, எல்லா இடத்திலும் செல்லாது என்பது இரண்டாம் எதிர்வாதம். இதில் உண்மை இருக்கிறது. எதிர்முறைக்குக் கடைசி மீதி தெரிந்திருக்க வேண்டும். அதே மண்டியில், முதல் வியாபாரி எடுத்தது இரண்டாமவர் எடுத்ததைவிட 20 தார் கூடுதல் என்று மட்டும் சொன்னால் எங்கிருந்து ஏறுவது? அப்போதும் மீதிப் பார்வை கைவிடுவதில்லை. மொத்தம் 1 என்றால் முதலாமவர் அரை, இரண்டாமவர் மீதியில் மூன்றில் ஒன்றான ஆறில் ஒன்று. வேறுபாடு மூன்றில் ஒன்று. அது 20 என்றால் மொத்தம் 60. எதிர்முறை நின்ற இடத்தில் இஷ்ட கர்மம் நடந்தது. ‘மேலும் ஒன்று’ போன்ற சேர்க்கைகளும் இத்தகைய வேறுபாடுகளும் ஒரே கணக்கில் கலந்து வந்தால் சமன்பாடே எளிது. ஆகவே நான் ஒரு முறையை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொல்லவில்லை. எந்த முறைக்கும் முன்னால் வர வேண்டிய கேள்வி ஒன்று என்கிறேன்.

முத்துமாலையும் ஏழு வாயிலும் செயற்கையானவை, வாழ்க்கையில் வராதவை என்பது மூன்றாம் எதிர்வாதம். ஆறும் வாரமும் வாரிசுரிமையும் அதற்கு முன்பே விடை சொல்லிவிட்டன. அவை பெரிய விஷயங்கள் என்றால், ஆடி மாதத்தில் திருச்சி என்.எஸ்.பி. சாலைத் துணிக்கடைகளின் முகப்பைப் பாருங்கள். 50 விழுக்காட்டுத் தள்ளுபடி, அதற்கு மேல் 20 விழுக்காடு என்ற பலகையை 70 என்று படிப்பவர் உண்டு. 1000 ரூபாய்ப் புடவை 500 ஆகி, அதில் 20 விழுக்காடு போய் 400 ஆகிறது. தள்ளுபடி 60 விழுக்காடுதான். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. 20-ஐ முதலில் கழித்து 50-ஐப் பிறகு கழித்தாலும் 400 தான் வரும், ஏனெனில் பெருக்கலில் முன்பின் மாறினாலும் விடை மாறாது. கடைசியில் மிஞ்சுவதை மட்டும் எதிர்பார்த்திருப்பவருக்கு வரிசை முக்கியமில்லை. இடையில் எடுத்துக்கொள்கிறவர்களுக்கோ வரிசையே எல்லாம்: பாதி எடுப்பவர் முந்தினால் 500, பிந்தினால் 400. ‘மேலும் ஒரு ரூபாய்’ என்று ஒரு நிலைத் தொகை சேர்ந்துவிட்டால் கடைசி மீதியும்கூட வரிசையைப் பொறுத்து மாறும். வாரிசுச் சட்டங்கள் வரிசையை இவ்வளவு கறாராக எழுதிவைத்திருப்பதன் காரணம் இங்கே விளங்குகிறது.

வகுப்பறையில் இதற்காகப் புதிய பாடம் எதுவும் வேண்டாம். பழக்கம் மாறினால் போதும். கணக்கில் ஒரு பின்னத்தைக் கண்டவுடன் அதன் பக்கத்தில் அது எதனுடைய பங்கு என்று மாணவர் எழுதட்டும்: ‘லாரியில் வந்ததில்’, ‘முதலாமவர் விட்டதில்’. அடுத்து, போன பங்கைத் தள்ளிவிட்டு நின்ற பங்கை எழுதட்டும். சிங்கப்பூர்த் தொடக்கப் பள்ளிகளில் 1980-கள் முதல் வழக்கத்தில் இருக்கும் பட்டை வரைபடம் இதற்கு நல்ல துணை. ஒரே பட்டையைக் கூறுபோட்டுக்கொண்டே போகாமல், ஒவ்வொரு மீதிக்கும் அதன் கீழே புதுப் பட்டை வரைந்தால் மொத்தம் மாறுவது கண்ணுக்கே தெரியும். கடைசியாக, கிடைத்த விடையை முதலிலிருந்து நடத்திப் பார்க்க வேண்டும். 300 என்ற தவறான விடை முழு எண்ணாக வந்து நம்மை ஏமாற்றியதை மறக்க வேண்டாம். அதைப் பிடித்தது நடத்திப் பார்த்தல் மட்டுமே. படிகள் நீளும், தேர்வில் நேரம் போதாது என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். எழுதிப் பழகியவருக்கு அந்தக் குறிப்பு இரண்டு சொல்லுக்கு மேல் நீளாது. தவறான பாதையில் முழுப் பக்கம் எழுதுவதைவிட அது சிக்கனம்.

வினாத்தாள் எழுதுவோரிடமும் விடைத்தாள் திருத்துவோரிடமும் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இந்தக் கணக்குகளில் கடைசி எண்ணுக்கு மட்டும் மதிப்பெண் தராதீர்கள். பின்னம் எதைச் சார்ந்தது என்று சரியாக எழுதியவருக்கு, பிறகு பெருக்கலில் சறுக்கியிருந்தாலும், பாதி மதிப்பெண்ணாவது தாருங்கள். பெருக்கலை இயந்திரம் செய்துகொடுக்கும். எதில் பாதி என்ற கேள்வியை, அது தஞ்சையின் நீராக இருந்தாலும், சாகுபடிதாரரின் நெல்லாக இருந்தாலும், மனைவியின் பங்காக இருந்தாலும், மனிதர்தான் கேட்க வேண்டியிருக்கிறது.